குலுக்கக் கூடாத குப்பி

எங்கள் ஆய்வுக்கூடத்தின் குளிர்பதனப் பெட்டியில், மேல்தட்டின் பின்மூலையில், கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு கண்ணாடிக் குப்பி இருக்கிறது. கத்தரிப்பூ நிறப் பழைய சேலைத் துண்டு ஒன்றில் சுற்றி, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அதை வைத்திருக்கிறேன். ஆண்டுக்கொரு முறை பெட்டியைக் காலிசெய்து துடைக்கும்போது எங்கள் உதவியாளர் அதை வெளியே எடுப்பார். குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் தேதியைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். "மேடம், இது காலாவதியாகி எவ்வளவோ வருஷமாச்சு. தூக்கிப் போட்டுடலாமா?" என்று கேட்பார். "இருக்கட்டும்" என்பேன். அவரும் விடாமல் கேட்கிறார், நானும் விடாமல் இதையே சொல்கிறேன்.

அதற்குள் இருப்பது தண்ணீர்போலத் தெளிந்த ஒரு திரவம். மாற்றியமைக்கப்பட்ட ஒரு நொதி. நம் உடம்பில் சாப்பாட்டைச் செரிக்கவைப்பது முதல் காயத்தை ஆற்றுவதுவரை எல்லா வேலையையும் செய்துகொண்டிருக்கிற புரதங்களுக்குத்தான் நொதி என்று பெயர். அப்படி ஒன்றை எடுத்து, அங்கே இங்கே திருத்தி, புற்றணுவை மட்டும் தேடிக் கொல்லும்படி பழக்குவதுதான் என் பிழைப்பு. இந்தக் குப்பியில் இருப்பது நாங்கள் செய்தது அல்ல, கடையில் வாங்கிய மருந்து. ஒரு காலைப்பொழுதில் புதுச்சேரியில் என் அத்தை மகளின் உடம்புக்குள் போயிருக்க வேண்டியது. போகவில்லை.

அத்தை என் அப்பாவின் தங்கை. விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகள் இருக்கிற பக்கம், கோப்பையும் சாஸரும் செய்கிற ஒரு பட்டறையில் கிளேஸ் பிரிவில் வேலை பார்த்தார். சுட்ட கோப்பைக்குப் பளபளப்புத் தருகிற பூச்சுக்குத்தான் கிளேஸ் என்று பெயர். மண் அரைக்கிற உருளை காலையிலிருந்து மாலைவரை கடகடவென்று ஓடும் இடத்தில் இருபது வருடம் பேசிப் பழகியவர் என்பதால், வீட்டிலும் அதே சத்தத்தில்தான் பேசுவார். ரகசியம் சொல்கிறேன் என்று காதருகே வந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். பட்டறையில் கழித்துக்கட்டிய கோப்பைகளைத் தொழிலாளிகள் வீட்டுக்கு எடுத்துப்போகலாம். அதனால் அத்தை வீட்டில் நேராக நிற்கிற கோப்பை ஒன்றுகூடக் கிடையாது. ஒன்றுக்குக் காது இருக்காது, ஒன்று ஒருபக்கம் சாய்ந்திருக்கும், ஒன்றில் பூ தலைகீழாகப் பூத்திருக்கும். "சாஞ்ச கோப்பையில குடிச்சா டீ சாஞ்சா போவுது?" என்பார்.

கிளேஸ் என்பது பார்க்க மோர் மாதிரி இருக்கும். சற்று நேரம் சும்மா விட்டால் கனமானதெல்லாம் அடியில் போய்க் கெட்டியாகத் தங்கிவிடும். கலக்காமல் அப்படியே பூசினால் முதலில் பூசியது மொட்டையாகவும் கடைசியில் பூசியது தடித்து வழிந்தும் போகும். பூசும்போது எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். சூளையிலிருந்து வெளியே வரும்போதுதான் குட்டு வெளிப்படும். தொட்டியில் இருப்பதைக் கட்டையால் கலக்குவார்கள். வண்ணக் கிளேஸ் சின்னச் சின்னப் பாட்டில்களில் இருக்கும். அதைக் கையிலெடுத்ததும் குலுக்க வேண்டும், குலுக்கியதும் நுரை அடங்கும்வரை பொறுக்க வேண்டும், நுரையோடு பூசினால் சுட்டபின் ஊசிக்குத்து மாதிரி ஓட்டைகள் விழும். அத்தையின் வலது கை இந்த வேலைக்கென்றே ஆகிப்போயிருந்தது. பாட்டிலை எடுப்பார், இடது உள்ளங்கையில் டப் டப் டப் என்று மூன்று தட்டு, பிறகு ஒரு சுழற்று, பிறகு கீழே வைத்துவிட்டு, "நுரை அடங்கட்டும், அப்பறம் ஊத்து" என்பார். பட்டறையில் மட்டுமல்ல. மோர்ச் செம்பு, இருமல் மருந்து, தேங்காயெண்ணெய் பாட்டில் எல்லாவற்றுக்கும் அதே மரியாதை. மகளுக்குக் காது குத்திய அன்று கலர் சோடா பாட்டிலை அப்படித் தட்டித் திறந்து, மாமாவின் புதுச் சட்டையை ஆரஞ்சு நிறமாக்கியிருக்கிறார். அந்தக் கதையைச் சொல்லி நாங்கள் வருடக்கணக்காகச் சிரித்திருக்கிறோம்.

அந்த மகளுக்கு ஏழாம் வகுப்புப் படிக்கும்போது காய்ச்சல் வந்தது. விட்டுவிட்டு வந்தது. காலில் கன்றிப்போன திட்டுகள் தெரிய ஆரம்பித்தபோது, எங்கேயோ விழுந்து வாருகிறாள் என்று அத்தை இரண்டு அடி வைத்தார். விருத்தாசலத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்த மருத்துவர், அன்றைக்கே புதுச்சேரிக்குப் போகச் சொன்னார். ரத்தப் புற்றுநோய். அத்தை எனக்கு போன் செய்து அந்த இரண்டு வார்த்தைகளைச் சொன்னபோதுதான் வாழ்க்கையில் முதல் முறையாக அவர் குரல் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

நான் அப்போது சென்னையில் ஆராய்ச்சி மாணவி. இந்த நோய்க்குக் கொடுக்கிற ஒரு நொதியைத்தான் என் மேசையில் வைத்துக் குடைந்துகொண்டிருந்தேன். வீட்டில் நோய் வருவதற்கு முன்பே, ஒரு பொங்கல் விடுமுறையில், நான் என்ன செய்கிறேன் என்று அத்தை கேட்க, சமையலறை மொழியில் சொல்லியிருக்கிறேன். ரத்தத்தில் ஒரு சத்து ஓடுகிறது. நம்முடைய நல்ல அணுவுக்கு அது போதவில்லையென்றால் தானே தயாரித்துக்கொள்ளும். இந்தப் புற்றணுவுக்கு அதைத் தயாரிக்கத் தெரியாது, ரத்தத்திலிருந்து எடுத்துத்தான் தின்ன வேண்டும். இந்த நொதி அந்தச் சத்தை ரத்தத்திலிருந்து துடைத்துவிடும். "அதாவது அத்த, நல்லது வூட்டுல சமைச்சிக்கும். கெட்டது ஓட்டல்ல சாப்புடுற ஆளு. நாம ஓட்டல இழுத்து மூடிடறோம்" என்றேன். அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். "பட்டினி போட்டே கொல்றியா? நல்லா வருவடி நீ" என்றார். பிறகு மருத்துவமனையில் மகளின் கையில் அதே மருந்து ஏறியபோது, பக்கத்துக் கட்டில்காரர்களுக்கெல்லாம் இந்த ஓட்டல் கதையைச் சொல்லித் தைரியம் கொடுத்தவரும் அவர்தான்.

முதல் சில ஊசிகள் ஒழுங்காகப் போயின. பிறகு ஒருநாள் மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே பெண்ணின் உதடு தடித்தது. அத்தை அதைக் கவனித்து வாய்திறப்பதற்குள் கண் இமைகள் வீங்கி, மூச்சு விசில் அடிக்க ஆரம்பித்துவிட்டது. அத்தை போட்ட சத்தத்தில் வார்டு முழுக்க ஓடிவந்தது என்பார்கள். மருந்தை நிறுத்தி, மாற்று ஊசி போட்டு, பிழைக்கவைத்தார்கள். அந்த நொதி ஒரு நுண்ணுயிரியிலிருந்து எடுத்தது. வெளியாள் என்று உடம்பு அடையாளம் கண்டுகொண்டது, அடித்துவிரட்டப் பார்த்தது. இனி இதைப் போட முடியாது, மாற்றியமைத்த வகையைத்தான் போட வேண்டும் என்றார் மருத்துவர். அதில் நொதியின் மேல் நீண்ட இழைகளைக் கோத்து மூடியிருப்பார்கள். உடம்பின் கண்ணுக்கு எளிதில் படாது, ரத்தத்தில் அதிக நாள் தங்கி வேலை செய்யும். "அதே ஆளுதான் அத்த, மேல கம்பளி போத்தி அனுப்புறாங்க" என்றேன். "மாறுவேசமா?" என்று கேட்டார். சிரிக்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்து மருந்துக்குத் தட்டுப்பாடு. மருத்துவமனையில் இல்லை, வெளியில் கிடைத்தால் வாங்கி வாருங்கள் என்றார்கள். சென்னையில் நான் ஏறி இறங்காத மருந்து மொத்தக்கடை இல்லை. கடைசியில் ஒரு இடத்தில் ஒரே ஒரு குப்பி கிடைத்தது. அடுத்தது எப்போது வரும் என்று கேட்டேன். கடைக்காரர் கையை விரித்தார். போன் செய்து சொன்னதும் அத்தை, "நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடாத. வூட்டுக்குக் கொண்டா, சாமி பாத்துட்டு எல்லாரும் சேந்து போவலாம்" என்றார். ஊசி மறுநாள் காலைதான் என்பதால் நானும் ஒப்புக்கொண்டேன். ஐஸ் பெட்டியை மடியில் வைத்தபடி ரயிலில் வந்து விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கினேன். அத்தை அங்கேயே நின்றுகொண்டிருந்தார். குப்பியைப் பழமலைநாதர் சன்னிதியில் வைத்து எடுக்க வேண்டும் என்றார். கோயில் முழுக்கச் சுற்றினால் ஐஸ் உருகிவிடும் என்று நான் சண்டை போட்டேன். கடைசியில் அவர் மட்டும் உள்ளே போய்த் திருநீறு வாங்கிவந்து, பெட்டியின் மூடியில் ஒரு பட்டை இழுத்தார். 

வீட்டில் வைத்து, பெட்டிக்குள் இருந்த ஆங்கிலக் காகிதத்தைத் தமிழில் வாசித்துக்காட்டினேன். உறையவைக்கக் கூடாது. வெளியில் வைக்கக் கூடாது. குலுக்கக் கூடாது. ஏன் குலுக்கக் கூடாது என்று அத்தை கேட்டார். புரதம் என்பது ஒழுங்காகச் சுருட்டிவைத்த நூல்கண்டு மாதிரி, நுரை கிளம்பினால் கண்டு பிரிந்துவிடும், பிரிந்தது ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும், அப்புறம் வேலை செய்யாது என்றேன். "ஒறையக் கூடாது, காயக் கூடாது, குலுக்கக் கூடாது" என்று அத்தை பாடம் ஒப்பிப்பதுபோல ஒப்பித்தார். குளிர்பதனப் பெட்டியின் நடுத்தட்டிலிருந்து பால் பாக்கெட்டுகளை நகர்த்தி இடம் செய்தார். சூளை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மாமாவையும் நிறுத்தி ஒப்பிக்கவைத்தார். மாமாவுக்குப் பட்டறையில் அன்று சூளை மூட்டியிருந்தது. மூட்டிவிட்டால் சுட்ட கோப்பைகளை இறக்கும்வரை நகர முடியாது, அதனால் அவர் எங்களோடு வர இயலாது என்பது முன்பே தெரியும்.

காலையில் ஆட்டோ வாசலில் நின்றது. பெண் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நான் ஐஸ் பெட்டியைத் திறந்து ஐஸ் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அத்தை குளிர்பதனப் பெட்டியிலிருந்து குப்பியை எடுத்தார். எனக்குப் பின்னால் டப் டப் டப் என்று சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். மூன்று தட்டும் முடிந்து, சுழற்றும் முடிந்திருந்தது. அத்தையின் வலது கை குப்பியோடு அப்படியே அந்தரத்தில் நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், வேறு யாரோ ஒருத்தியின் கையைப் பார்ப்பதுபோல. குப்பிக்குள் கழுத்துவரை வெள்ளையாக நுரை ஏறியிருந்தது. ஆட்டோக்காரர் வெளியே ஹாரன் அடித்தார். எனக்கு வந்த கோபத்தில் என்ன கத்தினேன் என்று இப்போது நினைவில்லை. கத்தினேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது.  அத்தை மேசைமேல் குப்பியை மெல்ல வைத்தார். பிறகு, பட்டறையில் செய்வதுபோலவே, நுரை அடங்குவதற்காகக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

விருத்தாசலத்திலிருந்து நெய்வேலி, வடலூர், கடலூர் வழியாகப் புதுச்சேரி. பஸ்ஸில் ஜன்னலோரமாகப் பெண்ணை உட்காரவைத்தோம். முடி உதிர்ந்த தலையில் குல்லாயோடு என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். ஐஸ் பெட்டி அத்தையின் மடியில் இருந்தது. ஒவ்வொரு வேகத்தடைக்கும் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார்.  நெய்வேலி தாண்டியதும் அத்தை பெட்டியை லேசாகத் திறந்து குப்பியை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார்.

"தெளிஞ்சிடுச்சு பாரு. முன்ன இருந்த மாதிரியேதான் இருக்குது."

"உள்ள வைங்க அத்த."

"கெட்டுப் போயிருக்குமா?"

"தெரியல."

"நீதான இதயே படிக்கற?"

"படிக்கறதாலதான் தெரியலன்னு சொல்றேன்."

அதுதான் உண்மை. என் மேசையில் இதுபோல நடந்திருக்கிறது. கைதவறி வேகமாக ஆடிய குழாயில் சில சமயம் நொதி ஒன்றும் ஆகாமல் வேலை செய்யும், சில சமயம் செத்துக் கிடக்கும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வேலை செய்யாவிட்டால்கூடப் பரவாயில்லை. சிக்குப்பட்ட புரதத்தை உடம்பு எளிதில் வெளியாள் என்று கண்டுகொள்ளும். கம்பளியெல்லாம் அப்போது பயன்படாமல் போகலாம். அந்தத் தடித்த உதட்டை நான் நேரில் பார்க்கவில்லை, ஆனால் அத்தை நடித்துக்காட்டியிருக்கிறார். அதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்னொரு பக்கம், இதைப் போடாவிட்டால் அடுத்த குப்பி எப்போது, எங்கே? இத்தனை நாள் மூடிவைத்த ஓட்டலைத் திறந்துவிட்டதுபோல ஆகிவிடுமே? ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை. 

வடலூரில் பஸ் நின்றபோது அத்தை என் கையைப் பிடித்தார். அவருடைய ரகசியக் குரல்கூட அன்றைக்கு நிஜமாகவே ரகசியமாக இருந்தது.

"அங்க போயி ஒன்னும் சொல்லிக்காத. சொன்னா தூக்கிப் போட்டுடுவாங்க. ஒரே ஒரு பாட்டுலு. வேற எங்க போவேன் நானு?"

"சொல்லாம எப்படி அத்த? ஒருவேளை அன்னிக்கு மாதிரி ஆச்சுன்னா?"

"ஆவாது."

"ஆவாதுன்னு யாரு சொன்னது?"

 அத்தை என் கையை விட்டுவிட்டு, பெட்டி மூடியில் இருந்த திருநீற்றுப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடலூர் வந்ததும் தானாகவே, "உசுரு இருந்தா போட்டுறலாம், உசுரு இல்லன்னாலும் ஒன்னும் கெட்டுடாது, அப்படித்தான?" என்று கேட்டார். அப்படி இல்லை, செத்த மருந்தாலும் உதடு தடிக்கலாம் என்று விளக்கினேன். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கியது. எனக்கே என் படிப்பின்மேல் வெறுப்பு வந்தது. தோளில் சாய்ந்திருந்த பெண்ணின் மூச்சு என் கழுத்தில் பட்டுக்கொண்டே இருந்தது. அவள் நிஜமாகத் தூங்கினாளா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு.

மருத்துவமனையில் நர்ஸ் பெட்டியை வாங்கித் திறந்தார். தொட்டுப் பார்த்து, "நல்லா சில்லுனுதான் இருக்கு. ஃப்ரீசர்ல வைக்கலையே?" என்றார். இல்லை என்றேன். "வெயில்ல வைக்கலையே?" இல்லை என்றேன். "குலுக்கலையே?" என்றார். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். பதிலை எதிர்பார்க்காமலே ஊசிக்குழாயின் உறையைக் கிழிக்க ஆரம்பித்துவிட்டார். நான் வாயைத் திறந்தேன். எதைச் சொல்வதற்காகத் திறந்தேன் என்று எனக்குத் தெரியாது. அத்தையைச் சொல்லவிடாமல் இருப்பதற்காகவா, நானே சொல்லிவிடுவதற்காகவா, 'குலுக்கவில்லை' என்று பொய் சொல்வதற்காகவா. அதற்குள் வார்டு முழுக்கக் கேட்கும்படி அத்தையின் பழைய குரல் கிளம்பியது.

"குலுக்கிட்டேம்மா. நான்தான். இந்தக் கைதான்."

வலது கையை நீட்டிக் காட்டினார், திருடிய கையைக் காட்டுவதுபோல. நர்ஸ் உறையைக் கிழிப்பதை நிறுத்தினார். மருத்துவர் வந்தார். எவ்வளவு குலுக்கினீர்கள் என்று கேட்டார். அத்தை அங்கேயிருந்த தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்து, உள்ளங்கையில் மூன்று தட்டுத் தட்டி, சுழற்றிக்காட்டினார். ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை, ஓசையைக்கூடக் குறைக்கவில்லை. மருத்துவர் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"பாக்க நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா இவளுக்கு ஏற்கனவே ஒரு தடவை ஒத்துக்கல. நான் போட மாட்டேன்."

"கெட்டுப் போச்சா, போவலையா? அத மட்டும் சொல்லுங்க சார்."

"அது எனக்குத் தெரியாதும்மா."

அத்தை தரையில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. கட்டிலில் இருந்த பெண்தான், "எம்மா, எந்திரி, எல்லாரும் பாக்குறாங்க" என்றாள்.

அடுத்த குப்பி உடனே கிடைக்கவில்லை.  சென்னையில் நான் ஒவ்வொரு கடையாக போன் செய்வேன், அத்தை எனக்கு போன் செய்வார். "கெடைச்சிதா?" என்பார். இல்லை என்றதும் வைத்துவிடுவார். இத்தனை நாள் தள்ளிப்போவதால் பெரிய மோசம் வராது, மற்ற மருந்துகள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அது அத்தையின் காதில் ஏறவே இல்லை. பெண்ணுக்கு லேசாக உடம்பு சுட்டால்கூட, உள்ளே அந்த அணுக்கள் ஓட்டலில் பந்தி போட்டு உட்கார்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். ஓட்டல் கதையை ஏன் சொன்னோம் என்றிருந்தது எனக்கு. பட்டறையில் கிளேஸ் பிரிவுக்குப் போக மாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, கோப்பைகளை வைக்கோல் சுற்றி அடுக்குகிற பிரிவுக்கு மாறிக்கொண்டார். அவரைப்போலக் கிளேஸ் பூச ஆளில்லை என்று முதலாளி கெஞ்சிப் பார்த்தார். நடக்கவில்லை.

ஒருவழியாகக் குப்பி கிடைத்தது. இந்த முறை நேராகப் புதுச்சேரிக்குத்தான் கொண்டுபோனேன். அத்தை அதைத் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மருந்து ஏறி முடிந்த பிறகும் கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து பெண்ணின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "எம்மா, மூச்சு முட்டுது, தள்ளிப் போ" என்று பெண் சொன்னதும் பதறி நர்ஸைக் கூப்பிட்டுவிட்டார். அவள் சொன்னது அம்மா இவ்வளவு கிட்டே நிற்கிறாள் என்பதை. ஒன்றும் ஆகவில்லை. மதியம் சாப்பாடு வந்தது. பெண் தயிர்சாதம் சாப்பிட்டாள்.

கிளம்பும்போது அத்தை என்னைத் தனியே அழைத்து, தன் பழைய சேலைத் துண்டில் சுற்றிய அந்த முதல் குப்பியைக் கொடுத்தார். மருத்துவமனையில் கேட்டு வாங்கி, வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே வைத்திருந்து, ஐஸ் பைகளோடு எடுத்துவந்திருக்கிறார்.

"ஒங்க ஆபீசுல சோதிச்சுப் பாத்து சொல்லு. கெட்டுப் போயிருந்துச்சா இல்லையா. எனக்குத் தெரியணும்."

ஒரு பிற்பகல் போதும் அந்தச் சோதனைக்கு. சென்னைக்கு வந்ததும் எல்லாவற்றையும் எடுத்துவைத்தேன். குப்பியின் மூடியில் ஊசியைக் குத்துவதற்கு முன் கை நின்றுவிட்டது. செத்திருந்தது என்று தெரிந்தால், கிடைத்த ஒரே மருந்தைக் கெடுத்தது என் கைதான் என்று அத்தை காலத்துக்கும் அழுவார். உயிரோடு இருந்தது என்று தெரிந்தால், நல்ல மருந்தை வாயால் கெடுத்தேனே, பேசாமல் இருந்திருக்கலாமே என்று அழுவார். எந்தப் பதிலைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அவர் அதை வைத்துத் தன்னையேதான் அடித்துக்கொள்வார். அவரை எனக்குத் தெரியும். குப்பியைத் திரும்பத் துணியில் சுற்றி உள்ளே வைத்தேன்.

ஊருக்குப் போகிறபோதெல்லாம் கேட்டார். முதலில் மெஷின் ரிப்பேர் என்றேன். பிறகு சோதனைக்கான ரசாயனம் வெளியூரிலிருந்து வர வேண்டும் என்றேன். பிறகு மறுபடி மெஷின் ரிப்பேர். ஒவ்வொரு முறையும் "சரி" என்பார். பெண்ணுக்கு முடி வளர்ந்தது. பத்தாவது எழுதினாள், பன்னிரண்டாவது எழுதினாள். பரிசோதனைக்குப் போகிற நாட்கள் வந்தால் மட்டும் அத்தைக்கு முந்தின நாளிலிருந்தே சோறு இறங்காது. அந்தச் சமயத்தில் வழக்கத்தைவிட அழுத்தமாகக் கேட்பார்.

என் வேலையும் வளர்ந்தது. இப்போது சொந்தமாக ஒரு சின்ன ஆய்வுக்கூடம் இருக்கிறது. நொதியின் சங்கிலியில் ஒரு கண்ணியை மாற்றிப்போட்டால் அது இன்னும் கூர்மையாகப் புற்றணுவைப் பட்டினி போடுமா, பக்கத்தில் இருக்கிற நல்ல அணுவைத் தொந்தரவு செய்யாமல் இருக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலானவை ஒன்றுக்கும் உதவாமல் போகும். ஏதோ ஒன்று நின்று வேலை செய்யும். புதிதாகச் சேருகிற மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம், குழாயை எடுத்ததும் சாய்த்துத் திருப்பு, குலுக்காதே என்பதுதான். எனக்குப் பின்னால் என்னைக் 'குலுக்காதே மேடம்' என்று கூப்பிடுகிறார்கள் என்பது தெரியும்.

பெண் கல்லூரி முடித்த வருடம், புதுச்சேரியில் மருத்துவர் அவளிடம், இனிமேல் இதற்காக நீ இங்கே வர வேண்டியதில்லை என்றார். மறுவாரமே அத்தை ரயிலேறி, சொல்லாமல் கொள்ளாமல் என் ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிட்டார். வாசலில் காவலாளியோடு அவர் வழக்காடுகிற சத்தம் எனக்கு இரண்டாவது மாடியில் கேட்டது. உள்ளே அழைத்துவந்தேன். மெஷின்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இதுல எதுடி ரிப்பேரு?" என்றார். நான் போய்க் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து, துணியைப் பிரித்து, குப்பியைக் கொடுத்தேன்.

இடது உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பட்டறையை விட்டு நின்றுவிட்டதில் விரல்கள் மெலிந்திருந்தன. "இப்ப சோதிக்கலாமா? இனிமே எதுவா இருந்தாலும் தாங்கிப்பேன்" என்றார்.

"சோதிக்கலாம் அத்த. ஆனா இத்தன வருஷத்துல அதுவா கெட்டுப் போயிருக்கும். நீங்க குலுக்கினதால செத்துதா, நாள் ஆனதால செத்துதான்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது. சாமியே வந்தாலும் முடியாது."

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தார்.  திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். நான் மறைத்தது அவருக்குச் சொந்தமான ஒரு பதிலை, கோபப்படுவதற்கு எல்லா உரிமையும் அவருக்கு உண்டு.

"அப்ப இதுக்குத்தான் இத்தினி வருசமா மிசினு ரிப்பேரா?" என்றார்.

தலையாட்டினேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தை மூக்கை உறிஞ்சினார். பிறகு குப்பியின் கழுத்தை வலது கை விரல்களால் பிடித்துத் தூக்கினார்.

"இப்ப குலுக்கலாமில்ல?"

"தாராளமா."

டப், டப், டப். என் மாணவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு சுழற்று. கழுத்துவரை நுரை ஏறியது. அத்தை குப்பியை மேசைமேல் வைத்துவிட்டு, "பொறு, நுரை அடங்கட்டும்" என்றார். இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். மேலிருந்து ஒவ்வொரு குமிழாக உடைந்துகொண்டே வந்தது. எல்லாம் தெளிந்த பிறகு அவரே துணியைச் சுற்றி என் கையில் கொடுத்து, "உள்ள வை" என்றார். போகும்போது காவலாளியிடம் தன் மகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனது மாடிவரை கேட்டது.

இந்த வருடமும் பெட்டியைச் சுத்தம் செய்தபோது உதவியாளர் குப்பியோடு வந்து நின்றார். அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். தண்ணீர்போலத் தெளிந்திருந்தது. இருக்கட்டும் என்றேன்.